நிற்கிற மரத்தைப் பார்க்க

முனியசாமி தம் எமிரேட்ஸ் அடையாள அட்டையை எப்போதும் முகம் மேலே இருக்கும்படிதான் நீட்டுவார். வங்கியானாலும் ஆஸ்பத்திரியானாலும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அட்டையின் இரண்டு ஓரங்களைப் பிடித்திருக்கும். முன்பக்கத்துப் புகைப்படம் எதிரே இருப்பவரை முறைத்துக்கொண்டிருக்கும். பர்ஸில் வைக்கும்போதும் அப்படித்தான், முன்பக்கம் வெளியே, பின்பக்கம் தோலோடு ஒட்டி. பார்க்கிறவர்கள் அதை ஒரு பழக்கம் என்றுதான் நினைப்பார்கள். அட்டையின் பின்பக்கத்தில் தொழில் என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரியில் 'சுமை ஏற்றி இறக்கும் தொழிலாளி' என்று அரபியிலும் இங்கிலீஷிலும் அச்சடித்திருந்தது. அதை மறைக்கத்தான் இத்தனை பாடு.

ஜெபல் அலியில் மரப்பலகை இறக்குமதி செய்கிற ஒரு கம்பெனியின் குடோனில் அவர் சூப்பர்வைசர். அதுவும் பொய்யில்லை. அவருக்குக் கீழே பத்தொன்பது ஆட்கள், மூன்று ஃபோர்க்லிஃப்ட். எந்தக் கட்டு எந்த வரிசையில் எத்தனையாவது அடுக்கில் இருக்கிறது என்று கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன்பே சொல்லிவிடுவார். ஆனால் 2003-ல் முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அவர் வந்திறங்கியது லேபர் விசாவில். பத்தாம் வகுப்பில் கணக்கில் கோட்டை விட்டவர். காகிதத்தில் தொழிலை மாற்ற வேண்டுமென்றால் படிப்புச் சான்றிதழ் வேண்டும், அதற்கு ஊர் ஊராக முத்திரை வேண்டும். விசா புதுப்பிக்கும் ஒவ்வொரு தடவையும் கம்பெனியின் விசா வேலைகளைப் பார்க்கிற எகிப்துக்காரர் மஹ்மூதிடம் போய் நிற்பார். மஹ்மூதும் ஒவ்வொரு தடவையும், சான்றிதழ் இல்லையென்றால் மாற்றமும் இல்லை, முடிந்தது கதை என்று அரபி கலந்து சொல்லிக் கையை விரிப்பார். "மாஃபி சர்டிபிகேட், மாஃபி சேஞ்ச். கலாஸ், முனியா."

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. 2009-ல் பெண் பார்க்கப் போனபோது, மாப்பிள்ளை துபாயில் சூப்பர்வைசர் என்று அவருடைய மாமா ஒருவர் வாய் கூசாமல் அள்ளிவிட்டார். முனியசாமி அன்றைக்கு வெறும் சுமைக்காரர். மறுக்காமல் காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தார். ஏழு வருடம் கழித்து நிஜமாகவே சூப்பர்வைசர் ஆனார். மாமா சொன்ன பொய் வேலையில் மெய்யாகிவிட்டது, காகிதத்தில் மட்டும் ஆகவில்லை. மனைவி நாகஜோதியும் மகள் சுஷ்மிதாவும் 2019-ல் வந்து ஷார்ஜா ரோலாவில் ஒரு படுக்கையறை வீட்டில் குடியேறியபோது, பள்ளிக்கூடப் பாரத்தில் தகப்பனார் தொழில் என்ற இடத்தில் சூப்பர்வைசர் என்றே எழுதினார்கள். பின்பக்கத்து வரி பர்ஸுக்குள் பத்திரமாக இருந்தது.

இப்படிப்பட்ட மனுசருக்கு ஸ்வீடன் ஆசை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அதுவும் அந்தச் சுமையிலிருந்துதான் வந்தது. வந்த முதல் ஆகஸ்ட் மாதம், நாற்பதடி கன்டெய்னர் ஒன்றின் கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய் இறக்குங்கள் என்றார்கள். உள்ளே அடுப்புக்குள் தலையை விட்ட மாதிரி அனல். ஆனால் அந்த அனலோடு ஒரு வாசனையும் வந்தது. பிசினும் பச்சை மரமும் கலந்த வாசனை, கருவேல மரத்தைத் தவிர வேறொன்றும் விளையாத ஊர்க்காரருக்கு அதற்கு முன்பு மூக்கில் படாத வாசனை. பலகையைத் தூக்கும்போது உள்ளங்கையில் ஒரு சிராய் ஏறிவிட்டது. போர்மேனிடம் இது என்ன மரம் பாய் என்று கேட்டார். கட்டின் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்து, ஸ்வீடன் பைன் என்றார் போர்மேன். சிராயைப் பிடுங்கியாகிவிட்டது. பெயர் மட்டும் உள்ளேயே தங்கிவிட்டது. கோதன்பர்க் துறைமுகத்திலிருந்து மாதம் நாலு கன்டெய்னர், இருபத்திரண்டு வருடம். இந்த மரம் அறுபடாமல் நிற்கும்போது எப்படி இருக்கும் என்று ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய முடிவு.

வளைகுடாவில் வேலை பார்க்கிறவனுடைய லீவு அவனுடையது இல்லை. அது ஊருக்குச் சொந்தம். ஜூலையில் போய் இறங்கினால் காதுகுத்து, வீடு பால்காய்ச்சு, குலதெய்வம், நாலு பேர் வீட்டு வாசலில் கைமடக்கோடு தலையைக் காட்டுவது, கடைசி நாளில் பெட்டி கட்டுவது. இந்தத் தடவை ஊருக்கு இல்லை என்று முனியசாமி போனில் சொன்னதும் சொந்தக்காரர்கள் துடித்துப்போனார்கள். பெற்றவளை விட்டுவிட்டு ஊர் சுற்றப் போகிறானா என்றார்கள். ஆத்தாளையும் கூட்டிக்கொண்டுதான் போகிறேன் என்று அவர் சொன்னபிறகு பேச்சு நின்றது. பேசுவதற்கு ஒன்றும் அகப்படாத வருத்தம்தான் அவர்களுக்கு.

ஆத்தா கருப்பாயிக்கு அறுபத்தெட்டு வயது. புருசன் செத்தபோது முனியசாமிக்குப் பன்னிரண்டு. அதன்பிறகு முப்பது வருடம் மிளகாய்க் காட்டில் பழம் பறித்து, களத்திலிருந்து ரோடு வரைக்கும் வத்தல் மூட்டையைத் தலைச்சுமையாகக் கொண்டுபோய் லாரியில் ஏற்றியவள். மகன் அனுப்பிய பணத்தில் வீட்டைக் கட்டினாள். இரண்டு ஏக்கர் நிலத்தை மட்டும் தன் காசிலேயே வாங்கினாள். ஸ்வீடனுக்கு வருகிறாயா என்று மகன் கேட்டபோது, அங்கே எத்தனை படி ஏற வேண்டும், சோறு கிடைக்குமா என்று இரண்டு கேள்வி கேட்டாள். ஏற வேண்டாம், நாமே பொங்கிக்கொள்ளலாம் என்றதும் சரி என்றாள். ஒரே ஒரு நிபந்தனை, அவளுடைய செலவு அவளுடையது. வத்தல் விற்ற பணம் பேங்கில் கிடக்கிறது, மகன் கையை எதிர்பார்த்துப் போனால் அவன் சொல்கிற இடத்திலெல்லாம் வாயைப் பிளந்து பார்க்க வேண்டியிருக்கும் என்றாள்.

முனியசாமி பயணத்தைத் திட்டம் போட்டதும் கன்டெய்னர் ஏற்றுகிற முறையில்தான். கன்டெய்னர் நாற்பதடிக்கு மேல் ஓர் அங்குலம் நீளாது. பட்ஜெட்டும் அப்படித்தான். கம்பெனி ஊருக்குக் கொடுக்கிற டிக்கெட்டைக் காசாக வாங்கிக்கொண்டார், மூன்று வருடம் போட்ட சீட்டை எடுத்தார், அதற்கு மேல் ஒரு திர்ஹம் கிடையாது என்று கோடு கிழித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைதோறும் சாப்பாட்டு மேசையில் சுஷ்மிதா லேப்டாப்போடு உட்காருவாள், அவர் பழைய டெலிவரி நோட்டுகளின் முதுகில் எழுதுவார். துபாயிலிருந்து கோபன்ஹேகன். அங்கிருந்து பாலத்தின் மேல் போகிற ரயிலில் ஸ்வீடன். கோதன்பர்க்கில் நாலு இரவு, காட்டுப் பக்கம் ஒரு சிற்றூரில் மூன்று. பஸ்ஸில் ஓஸ்லோ. திரும்பக் கோபன்ஹேகனுக்குக் கப்பல், ஏனென்றால் கப்பலில் படுத்துக்கொண்டே வந்தால் ஒரு நாள் அறை வாடகை மிச்சம். ஆத்தாளுக்குக் கீழ்ப்படுக்கை.

அந்த நாடுகளில் நாலு கட்டில் போட்ட அறையும் எல்லாருக்கும் பொதுவான அடுப்படியும் உள்ள விடுதிகள் உண்டு. ஆனால் படுக்கை விரிப்புக்குத் தனிக் காசு. ஆளுக்கு ஒரு விரிப்புக்குக் கேட்கிற தொகையைச் சுஷ்மிதா வாசித்ததும் நாகஜோதி அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்து, அந்தக் காசுக்கு நான் ஒரு சேலை எடுத்துவிடுவேன் என்றாள். ஆகவே நாலு விரிப்பு, நாலு தலையணை உறை பெட்டியில் ஏறின. ரைஸ் குக்கர் ஒன்று, பொன்னி அரிசி ஆறு கிலோ, புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, கூழ்வத்தல். நெய்யும் பால்பவுடரும் வெளியிலிருந்து கொண்டுபோகக் கூடாது என்று தெரிந்ததும் நாகஜோதிக்கு மனசே இல்லை. நெய் இல்லாமல் பருப்புப்பொடியை எதில் பிசைவது என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு நல்லெண்ணெய் என்று முடிவானது. கடைசியில் எடுக்க வேண்டியது அடியில், முதலில் எடுக்க வேண்டியது மேலே என்று முனியசாமி பெட்டிக்குள் என்னென்ன எங்கே என்று படமே போட்டுவிட்டார்.

மிச்சம் விசா ஒன்றுதான். அதிக நாள் தங்குவது ஸ்வீடனில் என்பதால் விண்ணப்பம் ஸ்வீடனுக்கு. இங்கே குடியிருக்கிற மூன்று பேருக்கும் துபாயில், ஆத்தாளுக்குச் சென்னையில். பாரத்தை நானே ஆன்லைனில் நிரப்புகிறேன் அப்பா என்று சுஷ்மிதா சொன்னபோது முனியசாமி, இது சின்னப்பிள்ளைகள் வேலையில்லை என்று சட்டென்று சொல்லிவிட்டார். விடுதிக்குப் பணம் கட்டுகிறவரைக்கும் சின்னப்பிள்ளையாக இல்லாத நான் இப்போது எப்படி ஆனேன் என்று அவள் முறைத்தாள். பாரத்தில் தொழில் என்று ஒரு கட்டம் இருப்பது அவருக்குத் தெரியும். அதனால் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு, ரோலாவில் பாரம் நிரப்பித் தருகிற டைப்பிங் சென்டர் வைத்திருக்கிற சாதிக் பாட்ஷாவிடம் போனார்.

சாதிக் பாட்ஷா கீழக்கரைக்காரர். வந்த புதிதில் இரண்டு பேரும் ஒரே கேம்பில் மேல்கட்டில், கீழ்க்கட்டில். அட்டையின் இரண்டு பக்கத்தையும் பார்த்துவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"மாப்ள, அட்டையில லேபர்னு இருக்கு. கம்பெனி லெட்டர்ல சூப்பர்வைசர்னு இருக்கு. பாரத்துல எதப் போட?"

"சூப்பர்வைசர்னே போடு. அட்டைக்கு முன்பக்கத்த மட்டும் நகல் எடு."

"ரெண்டு பக்கமும் கேட்டிருக்கான்யா."

"கேக்கும்போது பாத்துக்கிருவோம்."

சாதிக் பாட்ஷா அப்படியே டைப் அடித்தார். லேபர் என்று எழுதினால் லேபருக்கு எதற்கு ஐரோப்பா என்று தூக்கி எறிந்துவிடுவார்கள் என்று முனியசாமி அவருக்கு விளக்கினார். அது சாக்கு. உள்ளே இருந்த பயம் விசா ஆபீஸரைப் பற்றியது இல்லை, வீட்டுச் சாப்பாட்டு மேசையைப் பற்றியது.

கேட்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்ற சமயம் மே மாதம் விசா மையத்தின் கவுன்ட்டரில் வந்தது. பின்பக்க நகல் எங்கே என்று அந்தப் பெண் கேட்டாள். மனைவியும் மகளும் பின்னால் நாற்காலியில் இருந்தார்கள். முனியசாமி குரலைத் தாழ்த்தி, மறந்துவிட்டேன் என்றார். பரவாயில்லை என்று அவளே அட்டையை வாங்கிக் கொண்டுபோய்ப் பின்பக்கத்தை நகலெடுத்துக் கோப்பில் சேர்த்துவிட்டாள். ஒரே கோப்பில் ஒரே ஆள் இரண்டு தொழில் செய்துகொண்டிருந்தான்.

பத்தாம் நாள் மூன்று பாஸ்போர்ட்டும் வெறுங்கையோடு திரும்பி வந்தன. கூடவே ஒரு காகிதம். சுஷ்மிதாதான் வாசித்தாள். கொடுத்த தகவல்கள் நம்பும்படி இல்லை என்ற வரிக்கு எதிரே குறி போட்டிருந்தது. எந்தத் தகவல் அப்பா என்று கேட்டாள். வளைகுடாவிலிருந்து போகிறவர்களுக்கு இப்படித்தான் சும்மா போடுவார்கள் என்றார் அவர். நாம் என்ன கொடுத்தோமோ எல்லாவற்றையும் காட்டுங்கள், நான் சரிபார்க்கிறேன், மறுபடி போடலாம் என்றாள். அவள் விடுகிற ஆள் இல்லை, அந்தப் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று கேட்க வேண்டியதும் இல்லை. மூன்றாவது தடவை அவள் கேட்டபோது முனியசாமி கத்திவிட்டார். பதினாலு வருடத்தில் மகளிடம் அவர் கத்தியது அதுதான் முதல் தடவை. அவள் லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்து போனாள். நாகஜோதி சாப்பாட்டை எடுத்து வைத்தாள்.

மூன்று நாள் வீட்டில் பாத்திரச் சத்தம் மட்டும்தான் கேட்டது. முனியசாமிக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. கட்டின விசா காசு போனதுகூடப் பரவாயில்லை, பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பேசாமல் எல்லாவற்றையும் ரத்து செய்துவிட்டு வழக்கம்போல ஊருக்கே போய்விடலாம், ஆத்தாளுக்கும் கிடைத்திருக்காது என்று முடிவு கட்டினார். விடுதிகளை ரத்து செய்யக் கடைசித் தேதி என்ன என்று டெலிவரி நோட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, வெள்ளிக்கிழமை தொழுகை இடைவேளையில், ஆத்தாளிடமிருந்து போன் வந்தது.

அவளுக்கு விசா கிடைத்துவிட்டது.

முனியசாமி நம்பவில்லை. யார் சொன்னது என்றார். பாஸ்போர்ட் கையில் இருக்கிறது, எதிர்வீட்டு வாத்தியார் மகன் வாசித்துச் சொன்னான் என்றாள். பிறகு, மதுரை ஏஜென்ட்டோடு தனக்கு நடந்த சண்டையைச் சொல்ல ஆரம்பித்தாள். அவன் பாரத்தில் தொழில் என்ற இடத்தில் 'ஹவுஸ் வைஃப்' என்று போட்டானாம். அப்படியென்றால் என்ன என்று கேட்டாளாம். வீட்டில் இருக்கிறவர்கள் என்றானாம்.

"நான் என்னைக்குடா வீட்ல இருந்தேன்?" என்றாள் ஆத்தா. "மொளகா மூட சொமந்த கூலின்னு போடுறான்னேன். கூலின்னு போட்டா விசா தர மாட்டாங்கெ பாட்டிங்கிறான். தராட்டிப் போறாங்கெ, சொமந்தத சொமக்கலன்னு எழுதி அந்த ஊர நான் பாக்கணுமான்னேன். அவன் கூலியோட சேத்து வெவசாயின்னும் போட்டான். பட்டா இருக்கில்ல. மெட்ராசுல விசா ஆபீசுல இருந்த பிள்ள அத இங்கிலீசுல வாசிச்சுத் தமிழ்ல சொல்லுச்சு. ஆமாத்தா, தலையில சொமந்தேன், தொட்டுப் பாருன்னு உச்சந்தலையக் காட்டுனேன். சிரிச்சிருச்சு."

 முனியசாமி கையில் போனை வைத்துக்கொண்டு குடோன் சுவரோரமாக நின்றார்.

"ஒனக்கு என்னன்னுய்யா போட்ட?" என்று கேட்டாள்.

 டூட்டி இருக்கிறது, பிறகு கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டார். வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம். கூலி என்பதற்காக வந்த வெட்கம் இல்லை அது. முப்பது வருடம் சுமந்தவள் தலை நிமிர்ந்து சொன்ன அதே சொல்லைத்தான் இவர் தோலோடு ஒட்டி ஒளித்துவைத்திருந்தார்.

அன்று சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வீட்டுக்குப் போனார். மேசையில் சுஷ்மிதா கணக்குப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பர்ஸைத் திறந்து அட்டையை எடுத்துப் பின்பக்கம் மேலே தெரியும்படி அவள் நோட்டின்மேல் வைத்தார். அவள் வாசித்தாள். இன்னொரு தடவையும் வாசித்தாள்.

"ஸ்கூல் ஃபார்ம்ல நான்தான் சூப்பர்வைசர்னு எழுதினேன்" என்றாள்.

"அது நெசந்தான்."

"அப்போ இது?"

"இதுவும் நெசந்தான்."

அதன்பிறகு அவர் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். பத்தாம் வகுப்புக் கணக்கு, அந்த ஆகஸ்ட் கன்டெய்னர், சிராய், மாமா அள்ளிவிட்டது, தான் காப்பி குடித்தது. காப்பிக் கதைக்கு வந்தபோது நாகஜோதி அடுப்படி வாசலில் வந்து நின்றாள். அவளிடம்தான் முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். வாயைத் திறந்தார். அவள் அதற்கு முன்பே சொல்லிவிட்டாள்.

"எனக்கு விசா போட்டப்ப ஒங்க கான்ட்ராக்ட் நகல் என் ஃபைல்லதான இருந்துச்சு. ஆறு வருசமாத் தெரியும். நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

சுஷ்மிதா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குக் கோபம் இருந்தது, அது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் கோபம் சுமை தூக்கியதில் இல்லை. "ரெண்டுமே உண்மைன்னா ரெண்டையும் எழுத வேண்டியதுதானே? இதுல என்னப்பா ப்ராப்ளம்?" என்றாள். இருபத்திரண்டு வருடம் அவர் சுமந்துகொண்டிருந்ததை அந்தப் பெண் ஒரு வரியில் இறக்கி வைத்துவிட்டாள். என்மேல் கத்தியதற்குத் தனியாக சாரி சொல்ல வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டாள். அவர் சொன்னார்.

திங்கட்கிழமை மஹ்மூதின் முன்னால் போய் நின்றார். தொழிலை மாற்றச் சொல்லி வரவில்லை, 2003-ல் சுமைத் தொழிலாளியாகச் சேர்ந்தேன், இன்றுவரை இதே கம்பெனியில் இருக்கிறேன், இப்போது பத்தொன்பது பேரைப் பார்த்துக்கொள்கிறேன், லீவு முடிந்து வேலைக்குத் திரும்புவேன் என்று உள்ளதை உள்ளபடி ஒரு கடிதம் வேண்டும் என்றார். மஹ்மூது சந்தேகத்தோடு பார்த்தார். இத்தனை வருடத்தில் தன்னால் செய்ய முடிந்த ஒன்றை முனியசாமி கேட்பது இதுதான் முதல் தடவை என்று சொல்லிவிட்டு, கடிதத்தை டைப் அடித்து முத்திரையை இரண்டு தடவை குத்தினார்.

பாரத்தைச் சுஷ்மிதாதான் நிரப்பினாள். முதல் விண்ணப்பத்தில் தொழிலைத் தவறாக எழுதியது என் பிழை, அட்டையில் உள்ளதே சட்டப்படி என் தொழில் என்று அப்பா பெயரில் ஒரு கடிதமும் எழுதி, உரக்க வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினாள். சாதிக் பாட்ஷா அட்டையின் இரண்டு பக்கத்தையும் கலரில் நகலெடுத்துவிட்டு, இதற்கு நான் காசு வாங்க மாட்டேன் என்றார். மறுபடியும் அதே விசா மையம், அதே கவுன்ட்டர். தொழில் என்ன என்று கேட்டபோது முனியசாமி பின்னால் உட்கார்ந்திருந்த இரண்டு பேருக்கும் கேட்கும்படி சொன்னார். 

விடுதிகளை ரத்து செய்ய இன்னும் நாலு நாள் இருந்தபோது, குடோனில் ஒரு கன்டெய்னரைத் திறந்து முதல் கட்டை இழுத்துக்கொண்டிருந்த நேரத்தில், தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. ஸ்வீடன் விசாப் பிரிவிலிருந்து ஒரு பெண். நீங்கள் சுமைத் தொழிலாளி என்று எழுதியிருக்கிறீர்கள், குடும்பத்தோடு இத்தனை செலவு செய்து ஸ்வீடனுக்குப் போகக் காரணம் என்ன, பாரிஸ் இல்லை, சுவிட்சர்லாந்து இல்லை, ஏன் ஸ்வீடன் என்று நிதானமாகக் கேட்டாள். இரைச்சலாக இருக்கிறதே, எங்கே இருக்கிறீர்கள் என்றும் கேட்டாள்.

முனியசாமியின் இங்கிலீஷ் குடோன் இங்கிலீஷ். இலக்கணத்தைப் பற்றி அது கவலைப்படாது, சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லும். கையை உயர்த்தி ஃபோர்க்லிஃப்ட்டை நிறுத்தச் சொன்னார். கட்டின் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்து, கோதன்பர்க்கிலிருந்து வந்த பைன் பலகை, நாற்பத்தேழு மில்லி கனம், நான்கு மீட்டர் எண்பது நீளம் என்று வாசித்தார். பிறகு சொன்னார்.

"மேடம், இருபத்திரண்டு வருடமாக உங்கள் ஊர் மரத்தைத்தான் இறக்கிக்கொண்டிருக்கிறேன். எல்லாம் படுத்த மரம். நிற்கிற மரத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும். என் தாயாரும் என்னை மாதிரி சுமந்தவர்தான், அவருக்கும் காட்ட வேண்டும்."

 தங்கப் போகிற அந்தச் சிற்றூரின் பெயரைச் சொல்லுங்கள் என்றாள் அந்தப் பெண். சொன்னார். அவர் சொன்ன விதத்தைத் திருத்தி, அதை இப்படிச் சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு நன்றி சொல்லி வைத்துவிட்டாள். கிடைக்கும் என்றும் சொல்லவில்லை, கிடைக்காது என்றும் சொல்லவில்லை. முனியசாமி கையை இறக்கினார். ஃபோர்க்லிஃப்ட் மறுபடி கிளம்பியது.

அந்த நாலு நாளில் மூன்று நாள் போனது. ரத்து செய்யலாமா என்று நாகஜோதி ஒரு தடவை கேட்டாள். கடைசி நாள் சாயங்காலம் ஆறு மணிவரை ரத்து செய்வதில்லை என்று அவர் சொல்லிவிட்டார். வராவிட்டால் அடுத்த வருடம் இதே பாரம், இதே தொழில், அதற்கடுத்த வருடமும் அதே என்றார். நாலாம் நாள் மதியம் பாஸ்போர்ட் தயார் என்று குறுஞ்செய்தி வந்தது. மூன்று பேரும் போனார்கள். உறையைப் பிரிக்கச் சொல்லி அவர் சுஷ்மிதாவிடம் கொடுத்தார். அவள் தன்னுடையதைப் பார்க்காமல் முதலில் அவருடையதைத் திறந்தாள். பக்கம் நிறைய விசா வில்லை ஒட்டியிருந்தது.

முனியசாமி அதை வாங்கி அங்கேயே நின்று வாசித்தார். பெயர் இருந்தது, பாஸ்போர்ட் எண் இருந்தது, எத்தனை நாள் என்று இருந்தது. ஒரு தடவை மேலிருந்து கீழே, ஒரு தடவை கீழிருந்து மேலே தேடினார். வில்லையின் முதுகைப் பார்க்க முடியாது என்று தெரிந்தும் அந்தத் தாளைத் திருப்பிக்கூடப் பார்த்தார். என்னப்பா தேடுகிறீர்கள் என்று சுஷ்மிதா கேட்டாள். ஒன்றுமில்லை என்றார். கண் கலங்கியதை மறைக்க அவர் முயலவில்லை.

வெளியே வந்ததும் ஆத்தாளுக்குப் போன் போட்டு, கிடைத்துவிட்டது, ஜூலை ஐந்து கிளம்புகிறோம், நீ இரண்டாம் தேதியே துபாய் வந்துவிடு என்றார். அவளுக்குச் சந்தோசம்தான், ஆனாலும் ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது.

"அதுல ஒன்னய என்னன்னுய்யா போட்டிருக்காங்கெ?"

"தொழிலுன்னு ஒரு கட்டமே இல்லத்தா. பேரு மட்டுந்தான் போட்டிருக்கான்."

"பேருதான போடணும்" என்றாள் ஆத்தா. "அரிசி எத்தன கிலோ வச்சிருக்க? பத்துமா?"